குறுந்தகடா, தரவிறக்கமா? வீடியோ கேம் விலைகளின் பின்னணி

ஒரே வீடியோ கேம். கடையில் பெட்டியாக வாங்கினால் 74.99 பவுண்டுகள். இணையம் வழியாகத் தரவிறக்கம் செய்தால் 66.99 பவுண்டுகள்.

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் ஸ்விட்ச் 2 என்ற தனது புதிய விளையாட்டுக் கருவியை 2025 ஆம் ஆண்டு ஜூன் 5 ஆம் தேதி வெளியிட்டது. அதனுடன் வந்த மரியோ கார்ட் வேர்ல்டு என்ற கேமுக்கு பிரிட்டனில் அந்த நிறுவனம் அறிவித்த விலைகள் இவை. அடுத்து வந்த டாங்கி காங் பனான்ஸாவுக்கும் இதேபோல 66.99 பவுண்டுகள், 58.99 பவுண்டுகள் என்று இரண்டு விலைகள் அறிவிக்கப்பட்டன. ஆனால் அமெரிக்காவில் மரியோ கார்ட் வேர்ல்டு வெளியானபோது, பெட்டிக்கும் தரவிறக்கத்துக்கும் ஒரே விலைதான்: 79.99 டாலர்கள்.

எட்டு பவுண்டு வித்தியாசம் இயல்பானது என்று பலருக்குத் தோன்றலாம். பெட்டியை அச்சடிக்க வேண்டும், கேம் அட்டையைத் தயாரிக்க வேண்டும், கப்பலிலும் லாரியிலும் ஏற்ற வேண்டும், கடைக்காரருக்கும் லாபம் விட வேண்டும். தரவிறக்கத்துக்கு இவை எதுவும் தேவையில்லை. ஆகவே அது மலிவாகத்தானே இருக்க வேண்டும்?

ஆனால் வீடியோ கேம் சந்தை பெரும்பாலும் இந்தக் கணக்கின்படி நடப்பதில்லை. சோனி நிறுவனம் 2020 ஆம் ஆண்டு நவம்பரில் பிளேஸ்டேஷன் 5 கருவியை பிரிட்டனில் வெளியிட்டபோது, தனது முக்கிய கேம்களுக்கு 69.99 பவுண்டுகள் என்ற புதிய விலையை அறிவித்தது. குறுந்தகட்டுக்குப் பரிந்துரைக்கப்பட்ட விலையும் அதுதான், சோனியின் இணையக் கடையில் தரவிறக்கத்துக்கான விலையும் அதுதான். பல நேரங்களில், வெளியாகிச் சில மாதங்கள் ஆன கேமின் குறுந்தகடு கடைகளில் விலை குறைந்து கிடைக்கும்போது, இணையக் கடையில் அதே கேம் பழைய விலையிலேயே நிற்பதையும் வாடிக்கையாளர்கள் காண்கிறார்கள்.

இது ஏன் என்ற கேள்வி, விளையாடும் பிள்ளைகளைத் தாண்டி, லண்டனில் உள்ள தீர்ப்பாயம் ஒன்றின் முன்பாகவும், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலும் எழுப்பப்பட்டுள்ளது. விடையின் பெரும்பகுதி பிளாஸ்டிக் பெட்டியின் தயாரிப்புச் செலவில் இல்லை. அந்தப் பொருளை வேறு யாரெல்லாம் விற்கலாம், வாங்கியவர் அதை மீண்டும் விற்கலாமா என்பவற்றில்தான் அது உள்ளது.

விலைக்குள் என்ன இருக்கிறது?

முதலில் வரி. பிரிட்டனில் 2011 ஆம் ஆண்டு ஜனவரி முதல் மதிப்புக்கூட்டு வரி 20 சதவீதமாக உள்ளது. அச்சிட்ட புத்தகங்களுக்கு இந்த வரி கிடையாது. மின்நூல்களுக்கு இருந்த வரியும் 2020 ஆம் ஆண்டு மே மாதம் நீக்கப்பட்டது. ஆனால் வீடியோ கேம்களுக்கு, அவை எந்த வடிவில் விற்கப்பட்டாலும், முழு வரி உண்டு. ஆகவே விலை வித்தியாசத்துக்கு வரியைக் காரணம் காட்ட முடியாது.

வரியை உள்ளடக்கிய விலையில் ஆறில் ஒரு பங்கு அரசுக்குச் செல்கிறது. 69.99 பவுண்டு கேம் ஒன்றில் இது சுமார் 11.67 பவுண்டுகள். எஞ்சுவது சுமார் 58.33 பவுண்டுகள்.

வேறொரு நிறுவனம் தயாரித்த கேம் இந்த விலைக்கு சோனியின் இணையக் கடையில் விற்கப்படுவதாக வைத்துக்கொள்வோம். இத்துறையில் நீண்டகாலமாக வழக்கத்தில் இருந்துவந்த கமிஷன் 30 சதவீதம். அதாவது சுமார் 17.50 பவுண்டுகள் கடையை நடத்தும் கருவி நிறுவனத்துக்கும், மீதமுள்ள சுமார் 40.83 பவுண்டுகள் கேமை வெளியிட்ட நிறுவனத்துக்கும் சேரும். கேம் சோனியின் சொந்தத் தயாரிப்பு என்றால், இரண்டு பங்குகளும் சோனிக்கே.

குறுந்தகடு என்றால் கணக்கு மாறுகிறது. கடைக்காரரின் லாபம், மொத்த விநியோகம், தயாரிப்பு, போக்குவரத்து, விற்காமல் தேங்கும் சரக்கு ஆகியவற்றுக்குப் பணம் ஒதுக்க வேண்டும். இவற்றோடு, தனது கருவியில் இயங்கும் ஒவ்வொரு குறுந்தகட்டுக்கும் கருவி நிறுவனம் உரிமக் கட்டணம் பெறுகிறது.

இப்போது மரியோ கார்ட் விலைகளை மீண்டும் பார்க்கலாம். 66.99 பவுண்டுகளில் வரி போக எஞ்சுவது சுமார் 55.82 பவுண்டுகள். நின்டெண்டோவின் கேமை நின்டெண்டோவின் கடையே விற்பதால், பணப் பரிமாற்றச் செலவு போன்றவை நீங்கலாக, இது முழுவதும் அந்த நிறுவனத்துக்குச் சேரும். 74.99 பவுண்டு பெட்டியில் வரி போக எஞ்சுவது சுமார் 62.49 பவுண்டுகள். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் 6.67 பவுண்டுகள் மட்டுமே. கடைக்காரரின் லாபமும், அட்டையும், பெட்டியும், போக்குவரத்தும் சேர்ந்து இந்தத் தொகையைத் தாண்டினால், வாடிக்கையாளருக்கு மலிவாகத் தெரியும் தரவிறக்கமே நிறுவனத்துக்கு அதிக வருவாய் தரும் விற்பனையாகிறது.

கடைத்தெருவின் போட்டி

கடையில் விற்கப்படும் பொருளுக்கு உற்பத்தியாளர் அறிவிக்கும் விலை, பிரிட்டனில் ஒரு பரிந்துரை மட்டுமே. கடைக்காரர் சரக்கை மொத்த விலைக்கு வாங்கியபின் அது அவருடைய பொருள். இந்த விலைக்குக் கீழே விற்கக்கூடாது என்று உற்பத்தியாளர் அவரைக் கட்டாயப்படுத்துவது 1998 ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்துக்கு முரணானது.

புத்தகங்களுக்கு நெடுங்காலம் இதில் விதிவிலக்கு இருந்தது. பதிப்பாளர் நிர்ணயித்த விலைக்கே எல்லாக் கடைகளும் விற்க வேண்டும் என்ற புத்தக விலை உடன்பாட்டைப் பெரிய பதிப்பாளர்கள் 1995 ஆம் ஆண்டில் கைவிட்டனர். 1997 ஆம் ஆண்டில் அது பொதுநலனுக்கு எதிரானது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீடியோ கேம்களுக்கு இத்தகைய விதிவிலக்கு இருந்ததில்லை.

இதன் பலனை 2000களில் பிரிட்டிஷ் வாடிக்கையாளர்கள் நன்றாகவே அனுபவித்தனர். கேம், ஹெச்எம்வி போன்ற சங்கிலித் தொடர் கடைகள் ஒரு பக்கம், பேரங்காடிகள் மறுபக்கம், அமேசான் போன்ற இணைய வணிகர்கள் இன்னொரு பக்கம் என்று ஒரே குறுந்தகட்டுக்காகப் பலர் போட்டியிட்டனர். ஜெர்ஸி, கெர்ன்சி தீவுகளிலிருந்து அஞ்சலில் வரும் குறைந்த மதிப்புள்ள பொருட்களுக்கு மதிப்புக்கூட்டு வரி இல்லை என்ற சலுகையைப் பயன்படுத்தியும், இசைத் தகடுகளும் கேம்களும் மலிவாக விற்கப்பட்டன. பிரதான நிலப்பரப்பிலுள்ள கடைகளின் எதிர்ப்பைத் தொடர்ந்து 2012 ஆம் ஆண்டு ஏப்ரலில் பிரிட்டிஷ் அரசு அந்தச் சலுகையை முடிவுக்குக் கொண்டுவந்தது.

இவற்றுக்கும் மேலாகப் பழைய கேம்களின் சந்தை இருந்தது. 1992 ஆம் ஆண்டில் லண்டனில் தொடங்கப்பட்ட சிஇஎக்ஸ் நிறுவனம், பயன்படுத்திய கேம்களையும் கருவிகளையும் வாங்கி விற்பதையே தொழிலாக்கி, பின்னர் இந்தியா உட்படப் பல நாடுகளிலும் கிளைகளைத் திறந்தது. விளையாடி முடித்த கேமைக் கொடுத்து, கொஞ்சம் பணம் சேர்த்துப் புதிய கேமை வாங்கிச் செல்வது பிரிட்டிஷ் கடைத்தெருக்களில் சாதாரணக் காட்சியாக இருந்தது.

இந்தக் கடைகளின் பிற்காலக் கதை வேறு. கேம் நிறுவனம் 2012 ஆம் ஆண்டு மார்ச்சில் திவால் நிர்வாகத்தின் கீழ் வந்தது; உடனடியாக 277 கடைகள் மூடப்பட்டன. ஹெச்எம்வி 2013 ஜனவரியிலும் 2018 டிசம்பரிலும் இதே நிலைக்கு உள்ளானது. கேம் நிறுவனத்தை 2019 ஆம் ஆண்டில் ஸ்போர்ட்ஸ் டைரக்ட் குழுமம் வாங்கியது. 2024 ஆம் ஆண்டு பிப்ரவரியில், பழைய கேம்களை வாங்கிக்கொள்ளும் வழக்கத்தை அந்தக் கடைகள் நிறுத்தின.

பிரிட்டனின் கேளிக்கைப் பொருள் விற்பனையாளர்களின் சங்கமான இஆர்ஏ வெளியிட்ட கணக்கின்படி, 2018 ஆம் ஆண்டில் வீடியோ கேம்களுக்காக அந்நாட்டவர் செலவிட்ட சுமார் 386 கோடி பவுண்டுகளில் ஐந்தில் நான்கு பங்கு டிஜிட்டல் வடிவிலானது. கைபேசி விளையாட்டுகளும், கேமுக்குள் செய்யப்படும் சிறு கொள்முதல்களும் இதில் அடங்கும் என்றாலும், வாடிக்கையாளர்கள் செல்லும் திசையை இந்தக் கணக்கு காட்டியது.

ஒரே வாசல் உள்ள கடை

இணையக் கடையில் நடப்பது வேறு வகையான வியாபாரம். அங்கு கடைக்காரர் சரக்கை மொத்த விலைக்கு வாங்குவதில்லை. விற்பனை விலையைப் பொதுவாகக் கேமை வெளியிடும் நிறுவனம் நிர்ணயிக்கிறது. கடை ஒவ்வொரு விற்பனையிலும் கமிஷன் எடுத்துக்கொள்கிறது. சரக்கு தேங்குவதில்லை. ஆகவே இடத்தைக் காலி செய்வதற்காக விலையைக் குறைக்க வேண்டிய கட்டாயமும் யாருக்கும் இல்லை.

கணினியில் விளையாடுபவர்களுக்கு ஓரளவு மாற்று வழிகள் உண்டு. வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் கடை அங்கு மிகப் பெரியது என்றாலும் அது ஒன்றே கடை இல்லை. எபிக் நிறுவனம் 2018 ஆம் ஆண்டு டிசம்பரில் தனது கடையை 12 சதவீதக் கமிஷனுடன் திறந்தது. ஆயினும் ஸ்டீமின் நிபந்தனைகள் போட்டியைக் கட்டுப்படுத்துவதாகக் குற்றம்சாட்டி, 65.6 கோடி பவுண்டுகள் இழப்பீடு கோரும் கூட்டு வழக்கு ஒன்று 2024 ஆம் ஆண்டு ஜூனில் லண்டனில் தொடரப்பட்டது.

பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோ கருவிகளில் டிஜிட்டல் கேமுக்கான வாசல் ஒன்றுதான்: அந்தந்த நிறுவனத்தின் சொந்தக் கடை. முன்பு பிளேஸ்டேஷன் கேம்களுக்கான தரவிறக்கக் குறியீடுகளை அமேசான் போன்ற வேறு வணிகர்களும் விற்றனர். ஆகவே டிஜிட்டல் கேமுக்கும் சிறிதளவு விலைப் போட்டி இருந்தது. முழு கேம்களுக்கான அத்தகைய குறியீடுகளின் விற்பனையை 2019 ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியோடு சோனி நிறுத்தியது. அதன்பின் கடைகளில் கிடைத்தவை பணப்பை அட்டைகள் மட்டுமே. அந்தப் பணத்தைச் செலவிடும் இடம் சோனியின் கடைதான்.

இணையக் கடைகளில் தள்ளுபடியே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. பண்டிகைக் காலங்களில் பழைய கேம்களைப் பாதி விலைக்கும், சில வேளைகளில் அதைவிடக் குறைவாகவும் அவை விற்கின்றன. ஆனால் எப்போது, எவ்வளவு, எத்தனை நாட்களுக்கு என்பதை விற்பவரே தீர்மானிக்கிறார். பக்கத்துக் கடையைப் பார்த்து விலையைக் குறைக்க வேண்டிய நெருக்கடி அங்கு இல்லை.

இந்த நிலையில், குறுந்தகடு விளையாட்டாளருக்கு ஒரு மறைமுகப் பாதுகாப்பாகவும் இருந்துவந்துள்ளது. கடையில் குறுந்தகடு 45 பவுண்டுகளுக்குக் கிடைக்கும்போது, அதையே 70 பவுண்டுகளுக்கு இணையத்தில் விற்பது கடினம். ஆனால் குறுந்தகட்டை இயக்கும் வசதியே இல்லாத கருவியை வாங்கியவருக்கு இந்த ஒப்பீடு பயன்படாது.

வாங்கியவரின் உரிமை

தரவிறக்கத்துக்கும் குறுந்தகட்டுக்கும் இடையிலான மிகப் பெரிய வேறுபாடு சட்டத்தில் உள்ளது. பதிப்புரிமை பெற்ற ஒரு படைப்பின் பிரதி, உரிமையாளரின் சம்மதத்துடன் ஒருமுறை விற்கப்பட்டுவிட்டால், அந்தக் குறிப்பிட்ட பிரதியின் அடுத்தடுத்த விற்பனையை அவர் தடுக்க முடியாது என்பது பிரிட்டிஷ் சட்டத்திலும் ஐரோப்பியச் சட்டத்திலும் வேரூன்றிய கோட்பாடு. பழைய புத்தகக் கடைகள் இயங்குவது இதனால்தான். கேம் குறுந்தகட்டுக்கும் அதே உரிமை உண்டு.

தரவிறக்கத்துக்கு? ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2012 ஆம் ஆண்டு ஜூலையில், காலவரையற்ற உரிமத்துடன் தரவிறக்கம் செய்யப்பட்ட கணினி மென்பொருளையும் மறுவிற்பனை செய்யலாம் என்று ஆரக்கிள் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் கூறியது. ஆனால் அதே நீதிமன்றம் 2019 ஆம் ஆண்டு டிசம்பரில், மின்நூல்களுக்கு இது பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. பிரிட்டன் ஒன்றியத்திலிருந்து விலகும் முன் வந்த தீர்ப்புகள் என்பதால், பிரிட்டிஷ் நீதிமன்றங்களுக்கும் இவை முக்கியமானவை.

வீடியோ கேம் இதில் எந்தப் பக்கம்? மென்பொருளா, அல்லது நூல், திரைப்படம் போன்ற படைப்பா? பிரான்ஸில் நுகர்வோர் அமைப்பு ஒன்று வால்வ் நிறுவனத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், ஸ்டீமில் வாங்கிய கேம்களை மறுவிற்பனை செய்ய அனுமதிக்க வேண்டும் என்று பாரிஸ் நீதிமன்றம் 2019 ஆம் ஆண்டு செப்டம்பரில் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022 ஆம் ஆண்டில் அதை மாற்றியது. பிரான்ஸின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 ஆம் ஆண்டு அக்டோபரில் அந்த மாற்றத்தை உறுதி செய்தது. கேம் என்பது மென்பொருளோடு இசை, ஓவியம், கதை ஆகியவையும் சேர்ந்த சிக்கலான படைப்பு, அதற்கு மென்பொருள் விதி பொருந்தாது என்பது அதன் சாரம்.

விலை என்ற சொல்லின் பொருளையே இது மாற்றிவிடுகிறது. உதாரணமாக, 70 பவுண்டுகளுக்குக் குறுந்தகடு வாங்கியவர் இரண்டு மாதங்களுக்குப் பின் அதை 35 பவுண்டுகளுக்கு விற்றால், அவருக்கு உண்மையில் ஆன செலவு 35 பவுண்டுகள்தான். அதே 70 பவுண்டுகளுக்குத் தரவிறக்கம் செய்தவரால் எதையும் திரும்பப் பெற முடியாது. நண்பருக்கு இரவல் கொடுப்பதும், தம்பிக்கு விட்டுச்செல்வதும்கூட நிறுவனம் அனுமதிக்கும் அளவுக்குத்தான். நின்டெண்டோ 2025 ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய முறையில், டிஜிட்டல் கேமைக் குடும்பக் குழுவில் உள்ள ஒருவருக்கு இரண்டு வாரங்களுக்கு இரவல் தரலாம். குறுந்தகட்டை இரவல் கொடுக்க அனுமதியும் தேவையில்லை, காலவரையறையும் கிடையாது.

பிரிட்டனில் 2015 ஆம் ஆண்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் உரிமைச் சட்டமும் இவ்விரண்டையும் வெவ்வேறாக நடத்துகிறது. பழுதான பொருளை 30 நாட்களுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் திரும்பப் பெறும் உரிமையை அது தருகிறது. குறுந்தகட்டில் உள்ள கேம் பழுதானால் அது பழுதான பொருளாகவே கருதப்படும். தரவிறக்கம் செய்த கேம் பழுதானால், முதலில் அதைச் சரிசெய்ய அல்லது மாற்றித்தரக் கோரலாம், அது இயலாவிட்டால் விலையைக் குறைக்கக் கோரலாம். பொருளுக்குரிய அந்த 30 நாள் நிராகரிப்பு உரிமை இதற்கு இல்லை. ஆக, சம விலை கொடுத்தவருக்குச் சம உரிமை கிடைப்பதில்லை.

கருவியின் விலையில் தொடங்கும் தேர்வு

வாடிக்கையாளர்களின் எதிர்ப்பு நிறுவனங்களைப் பணியவைத்த சந்தர்ப்பமும் உண்டு. மைக்ரோசாஃப்ட் 2013 ஆம் ஆண்டில் எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவியை அறிவித்தபோது, குறுந்தகடுகளை மறுவிற்பனை செய்வதற்கும் இரவல் கொடுப்பதற்கும் கட்டுப்பாடுகளை விதிக்கத் திட்டமிட்டது. கடும் எதிர்ப்பு எழுந்ததால் அதே ஆண்டு ஜூனில் அத்திட்டத்தைக் கைவிட்டது.

அன்று விதிமூலம் செய்ய முடியாததைப் பின்னர் கருவியின் விலை செய்யத் தொடங்கியது. பிளேஸ்டேஷன் 5 வெளியானபோது குறுந்தகட்டு இயக்கி கொண்ட கருவியின் விலை 449.99 பவுண்டுகள், இயக்கி இல்லாததன் விலை 359.99 பவுண்டுகள். பெற்றோருக்கு 90 பவுண்டுகள் மிச்சம். ஆனால் அந்தக் கருவிக்கான ஒவ்வொரு கேமையும் அதன்பின் ஒரே கடையில்தான் வாங்க முடியும். பழைய கேமை வாங்கவும் முடியாது, வாங்கியதை விற்கவும் முடியாது. ஆண்டுக்கு நான்கு ஐந்து கேம்கள் வாங்கும் வீட்டில், அந்த 90 பவுண்டுகள் விரைவிலேயே கரைந்துவிடக்கூடும். 2024 ஆம் ஆண்டு நவம்பரில் 699.99 பவுண்டுகளுக்கு வெளியான பிளேஸ்டேஷன் 5 புரோ கருவியில் இயக்கி இல்லை; வேண்டுவோர் அதைத் தனியாக வாங்க வேண்டும்.

நிறுவனங்களின் தரப்பு

நிறுவனங்களின் தரப்பிலும் வாதங்கள் உண்டு. பெரிய கேம் ஒன்றைத் தயாரிக்கப் பல ஆண்டுகளும் பெருந்தொகையும் தேவைப்படுகின்றன. பழைய குறுந்தகடு கைமாறும் ஒவ்வொரு முறையும் கடைக்காரர் லாபம் பெறுகிறார். படைத்தவருக்கு எதுவும் கிடைப்பதில்லை. அதோடு, பயன்படுத்திய புத்தகத்தில் பக்கங்கள் மடங்கும், அட்டை கிழியும். டிஜிட்டல் பிரதி தேய்வதே இல்லை. அதை மறுவிற்பனை செய்ய அனுமதித்தால், புதியதை வாங்க யாருக்கும் காரணம் இருக்காது என்ற கவலை நியாயமற்றதல்ல. ஐரோப்பிய நீதிமன்றமும் மின்நூல் வழக்கில் இதே அம்சத்தைக் கவனத்தில் கொண்டது.

கருவியைக் குறைந்த லாபத்திலோ நட்டத்திலோ விற்று, கேம் விற்பனையில் அதை ஈடுகட்டுவது இத்துறையின் பழைய வழக்கம். கமிஷனைக் குறைத்தால் கருவியின் விலை உயரும் என்பது அவற்றின் இன்னொரு வாதம். சிறு நிறுவனங்கள் பலவும் டிஜிட்டல் கடைகளால்தான் பிழைத்திருக்கின்றன. பெட்டி அச்சடிக்கவும் கடை அலமாரியில் இடம்பிடிக்கவும் வசதியற்ற ஒருவர் இன்று 10 பவுண்டுகளுக்கு ஒரு கேமை உலகெங்கும் விற்க முடிகிறது.

லண்டன் தீர்ப்பாயத்தில்

இந்த வாதங்களை எடைபோடும் இடமாக லண்டனின் சாலிஸ்பரி சதுக்கத்தில் அமைந்துள்ள போட்டி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மாறியுள்ளது. நுகர்வோர் நலச் செயற்பாட்டாளரான அலெக்ஸ் நீல், பிரிட்டனில் உள்ள சுமார் 90 லட்சம் பிளேஸ்டேஷன் பயனாளர்களின் சார்பில் 2022 ஆம் ஆண்டு ஆகஸ்ட்டில் சோனிக்கு எதிராக அங்கு வழக்குத் தொடர்ந்தார். டிஜிட்டல் கேம்களுக்கான ஒரே கடை என்ற நிலையைப் பயன்படுத்தி 30 சதவீதக் கமிஷன் வசூலிப்பதால், வாடிக்கையாளர்கள் கூடுதல் விலை கொடுக்க நேர்ந்தது என்பது குற்றச்சாட்டு. கோரப்பட்ட இழப்பீடு 500 கோடி பவுண்டுகள் வரை. சோனி இதை மறுத்தது. 2023 ஆம் ஆண்டு நவம்பரில் வழக்கைத் தொடர தீர்ப்பாயம் அனுமதி அளித்தது.

டிஜிட்டல் கேம் வாங்குபவரின் உரிமைகளைக் குறித்துரைத்த அதே 2015 ஆம் ஆண்டுச் சட்டம்தான், பாதிக்கப்பட்டோர் ஒவ்வொருவரும் முன்வராமலே அவர்கள் அனைவருக்காகவும் ஒருவர் இத்தகைய வழக்கைத் தொடுக்கும் வழியையும் திறந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

ஆப்பிள் நிறுவனத்தின் செயலிக் கடைக் கமிஷன் தொடர்பாக ரேச்சல் கென்ட் என்ற கல்வியாளர் தொடுத்த இதேபோன்ற வழக்கில், 2025 ஆம் ஆண்டு அக்டோபரில் தீர்ப்பாயம் அந்நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கமிஷன் மிகையானது, நியாயமற்றது என்பது அதன் முடிவு. அந்த வழக்கில் கோரப்பட்ட இழப்பீடு சுமார் 150 கோடி பவுண்டுகள். ஆப்பிள் அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை.

ஆனால் எல்லா வழக்குகளும் இப்படி முடிவதில்லை. தரைவழித் தொலைபேசிக் கட்டணம் தொடர்பாக பிடி நிறுவனத்துக்கு எதிரான கூட்டு வழக்கை, கட்டணம் மிகையாக இருந்தாலும் நியாயமற்றதல்ல என்று கூறி 2024 ஆம் ஆண்டு டிசம்பரில் இதே தீர்ப்பாயம் தள்ளுபடி செய்தது. மாஸ்டர்கார்டு நிறுவனத்துக்கு எதிராக 1,400 கோடி பவுண்டுகள் கோரிய வழக்கு, 2025 ஆம் ஆண்டில் 20 கோடி பவுண்டு சமரசத்தில் முடிந்தது. விலை அதிகம் என்று காட்டுவது எளிது. அது சட்டப்படி நியாயமற்றது என்று நிறுவுவது கடினம்.

கடை மூடப்பட்டால்?

விலையோடு பிணைந்த இன்னொரு கேள்வி, வாங்கியது எவ்வளவு காலம் நிலைக்கும் என்பது. நின்டெண்டோ தனது 3டிஎஸ், வீ யூ கருவிகளுக்கான இணையக் கடையில் விற்பனையை 2023 ஆம் ஆண்டு மார்ச்சில் நிறுத்தியது. எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஆம் ஆண்டு ஜூலையில் மூடப்பட்டது. ஏற்கனவே வாங்கியவர்கள் தங்கள் கேம்களை மீண்டும் தரவிறக்கம் செய்ய அனுமதிக்கப்பட்டனர் என்றாலும், புதிதாக வாங்க விரும்பியவர்களுக்கு எஞ்சிய வழி பழைய குறுந்தகடுகளும் அட்டைகளும்தான்.

குறுந்தகடும் முழுமையான காப்பு அல்ல. யூபிசாஃப்ட் நிறுவனத்தின் தி க்ரூ என்ற கார்ப் பந்தய கேம், இணையத் தொடர்பு இல்லாமல் இயங்காதது. அதன் சர்வர்கள் 2024 ஆம் ஆண்டு மார்ச் 31 ஆம் தேதி நிறுத்தப்பட்டபோது, குறுந்தகட்டை வைத்திருந்தவர்களாலும் அதை விளையாட முடியாமல் போனது. ஸ்விட்ச் 2 கருவிக்கு வரும் சில பெட்டிகளில் உள்ள அட்டையிலும் முழு கேம் இருப்பதில்லை. தரவிறக்கம் செய்வதற்கான சாவி மட்டுமே இருக்கிறது. ஆனால் அந்த அட்டையை மற்றொருவருக்கு விற்க முடியும்.

தி க்ரூ விவகாரத்தைத் தொடர்ந்து உருவான இயக்கத்தின் மனுவில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டதால், 2025 ஆம் ஆண்டு நவம்பர் 3 ஆம் தேதி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இது விவாதிக்கப்பட்டது. நுகர்வோர் சட்டத்தைத் திருத்தும் திட்டம் இல்லை என்பதே அரசின் நிலைப்பாடாக இருந்தது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் வேறு வழியில் சென்றது. திரும்பப் பறிக்கக்கூடிய உரிமத்தை மட்டும் விற்கும் கடைகள், அதை வாடிக்கையாளருக்குத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் அங்கு 2025 ஆம் ஆண்டு ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

எல்லை தாண்டும் பெட்டி

பல நாடுகளில் பரந்து வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த வேறுபாடு இன்னொரு வகையிலும் புலப்படும். பிளேஸ்டேஷன் 4, பிளேஸ்டேஷன் 5, ஸ்விட்ச் கருவிகளின் கேம்கள் பொதுவாக எந்த நாட்டுக் கருவியிலும் இயங்கக்கூடியவை. லண்டன் ஈஸ்ட்ஹாமில் ஒரு பிள்ளை விளையாடி முடித்த குறுந்தகடு, விடுமுறைக்குச் செல்பவரின் பயணப் பெட்டியில் யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ போய், அங்குள்ள மாமன் மகனின் கருவியில் ஓடும். தரவிறக்கம் செய்த கேம் அப்படிப் பயணம் செய்வதில்லை. அது கணக்கோடு பிணைந்தது. அந்தக் கணக்கும் பொதுவாக ஒரு நாட்டோடு பிணைந்தது.

ஆனால் டிஜிட்டல் கடைகளால் நாட்டுக்கு நாடு வெவ்வேறு விலை வைக்க முடியும் என்பது சில வாடிக்கையாளர்களுக்கு நன்மையாகவும் அமைகிறது. ஸ்டீம் கடை 2015 ஆம் ஆண்டு நவம்பரில் இந்தியாவில் ரூபாய் விலைகளை அறிமுகப்படுத்தியபோது, பல கேம்கள் அங்கு மேற்கத்திய நாடுகளைவிடக் குறைந்த விலையில் கிடைத்தன. அந்த மலிவு விலை மற்ற நாடுகளுக்குக் கசியாமல் தடுக்கத்தான் நிறுவனங்கள் நாட்டு எல்லைகளைக் கடைக்குள் வரைகின்றன. ஐரோப்பாவுக்குள்ளேயே இவ்வாறு எல்லை வரைந்ததற்காக வால்வ் நிறுவனத்துக்கும் ஐந்து வெளியீட்டு நிறுவனங்களுக்கும் 2021 ஆம் ஆண்டு ஜனவரியில் ஐரோப்பிய ஆணையம் மொத்தம் 78 லட்சம் யூரோக்கள் அபராதம் விதித்தது.

ஆகவே ஒரு கேமின் விலைச்சீட்டைப் பார்க்கும்போது, அந்த எண்ணோடு வேறு சிலவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டியுள்ளது. இதை வேறு எங்காவது வாங்க முடியுமா? முடித்த பின் விற்கவோ கொடுக்கவோ முடியுமா? பழுதானால் பணம் திரும்ப வருமா? இவற்றுக்கு இல்லை என்று பதில் வருமானால், எட்டு பவுண்டு தள்ளுபடி என்பது விட்டுக்கொடுக்கும் உரிமைகளுக்கான ஈடு. அது போதுமானதா என்பதை ஒவ்வொருவரும் முடிவு செய்யலாம். ஆனால் இரண்டு வடிவங்களுக்கும் ஒரே விலை கேட்கப்படும் இடத்தில், அந்த ஈடுகூட வாடிக்கையாளருக்குக் கிடைப்பதில்லை.